சதுரம் எது? எல்லைப்புறத் தமிழ் வகுப்பறையில் கணக்கு: மணல் முதல் திரை வரை



தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தில் ஊடாடும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது குறித்துக் கருத்தரங்குகளில் இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. அப்பேச்சில் அரிதாகவே இடம்பெறும் ஒரு நிலப்பகுதியை முன்வைத்து இவ்வரலாற்றுக் குறிப்பை எழுதுகிறேன். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்த தமிழ்வழிப் பள்ளிகளே அந்நிலப்பகுதி. பதிவு சற்று நீளமானது. பொறுத்து வாசிக்க வேண்டுகிறேன்.

1. ஒரு சொல்லில் தொடங்கும் சிக்கல்

கொழிஞ்சாம்பாறையை அடுத்த சிற்றூர் ஒன்றிலோ, மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் ஒரு டிவிஷனிலோ உள்ள தமிழ்வழித் தொடக்கப்பள்ளியை எண்ணிப் பார்ப்போம். நான்காம் வகுப்பு. சுவரில் திரை தொங்குகிறது. மேசைமேல் மடிக்கணினி இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கான காணொளி மலையாளத்தில் ஓடுகிறது. நீளம் மிகுந்து அகலம் குறைந்த ஓர் உருவம் திரையில் தோன்ற, பின்னணிக் குரல் அதனைச் ‘சதுரம்’ என்கிறது.

குழந்தை கற்ற தமிழில் சதுரம் என்பது நான்கு பக்கமும் சமமான உருவம். திரையில் தெரிவதைத் தமிழ் செவ்வகம் என்னும். மலையாளக் கணித வழக்கிலோ ‘சதுரம்’ என்பதே செவ்வகத்தின் பெயர். நான்கு பக்கமும் சமமாயின் அது ‘சமசதுரம்’. ஆக, குரலும் பிழையன்று. குழந்தை கற்றதும் பிழையன்று. இரண்டும் சரியாக இருந்தும் அறிவு இடறுகிறது.

‘பகுதி’ என்னும் சொல்லையும் பார்ப்போம். மலையாளத்தில் அதற்குப் பாதி என்று பொருள். தமிழில் அது ஒரு கூறு. பின்னக் கணக்கிலோ கோட்டுக்குக் கீழே நிற்கும் எண். ‘பகுதியை எடு’ என்று திரை சொன்னால் தமிழ்க் குழந்தை எதை எடுக்கும்?

அறவே அயலான மொழியில் பாடம் ஓடினால் குழந்தை தனக்குப் புரியவில்லை என்பதை உடனே உணரும், ஆசிரியரைக் கேட்கும். உடன்பிறந்த மொழியில் ஓடும்போது ஐயமே எழுவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்னும் எண்ணுப் பெயர்கள் ஏறத்தாழ ஒன்றே. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் ஒழுங்கு பிறழ்ந்த பெயர்கள்கூட இரு மொழியிலும் ஒரே வகையில் பிறழ்ந்துள்ளன. சுற்றளவும் பரப்பளவும் இரண்டுக்கும் பொது. எல்லாம் புரிந்தது என்ற எண்ணம் பிறக்கிறது. அவ்வெண்ணத்தின் கீழே தவறான கருத்து அமைதியாக வேரூன்றுகிறது. அண்டை மொழியின் நெருக்கம் தரும் இடர் இது. கணக்கோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பாடம். அடியில் நகர்ந்த கல்லை மேல்வகுப்பில் எவரும் தேடிக் காண்பதில்லை.

இந்நிலை எவ்வாறு உருவாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

2. மணலும் திண்ணையும்

கற்பித்தல் தொழில்நுட்பத்தின் வரலாற்றை மேற்கில் தொடங்குவது வழக்கம். அவ்வரலாற்றின் முதன்மையான ஓர் அத்தியாயம் சென்னையில் தொடங்குகிறது. 1787இல் இந்தியா வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண்மக்களுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலையில் குதிரையில் சென்றபோது, ‘மலபார்ப் பள்ளி’ ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைப் புகுத்த முயன்றார், உதவியாசிரியர்கள் உடன்படவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அப்பணியை ஒப்படைத்தார். மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையை 1797இல் இலண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. மணல் தட்டும் உடன் சென்றது.

‘மலபார்’ என்னும் சொல் இங்கே கருதத்தக்கது. அக்கால ஐரோப்பியர் தமிழையும் தமிழரையும் குறிக்க அச்சொல்லைப் பரவலாக ஆண்டனர். இன்று நாம் மலபார் என்றால் வடகேரளம் என்று கொள்கிறோம். பாலக்காடும் பிரித்தானிய ஆட்சியில் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. தமிழும் மலையாளமும் ஒரே பெயருக்குள் அடங்கியிருந்த காலத்தின் சுவடு அது. மணலில் எழுதும் வழக்கமும் அவ்வாறே தமிழகத் திண்ணைப் பள்ளிக்கும் கேரளத்துக் குடிப்பள்ளிக்கூடத்துக்கும் பொதுவானது.

மணலை ஒரு தொழில்நுட்பமாக நோக்கினால் அதன் சிறப்பு விளங்கும். எழுதியது உடனே கண்ணுக்குத் தெரியும். தவறினால் ஒரு தடவலில் மறையும். தவறுவதற்குக் குழந்தை அஞ்ச வேண்டியதில்லை. ஓலைக்கும் எழுத்தாணிக்கும் இல்லாத பண்பு இது. இன்றைய தொடுதிரையின் பெருமையாக நாம் சொல்வதும் இதுவே.

திண்ணைப் பள்ளியின் கணக்கு எண்சுவடியை அடிப்படையாகக் கொண்டது. சட்டாம்பிள்ளை ஒரு வாய்பாட்டைச் சொல்ல, மற்றோர் திருப்பிச் சொல்வர். இதனை வெறும் மனப்பாடம் என்று காலனியக் கல்வியாளர்கள் ஒதுக்கினர். தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் கணக்கை ஆராய்ந்த செந்தில் பாபு, அங்கே நினைவாற்றல் என்பது கணக்கைச் செய்வதற்கான ஒரு பயிற்சி முறையாகவே இயங்கியது என்பதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். 2022இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், நிலமளத்தல், நெல்லளத்தல், கூலி பகிர்தல் ஆகிய தொழில்களோடு அக்கணக்கு கொண்டிருந்த உறவையும் பேசுகிறது. அதன் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. திண்ணை எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கவில்லை. பிரம்பும் அங்கே ஒரு கருவியாகவே இருந்தது.

3. மூன்று ஆட்சி, இரு பணக் கணக்கு

இன்று ஒரே மாநிலத்தின் எல்லைப்புறமாகத் தெரியும் இப்பகுதி, விடுதலைக்கு முன் மூன்று ஆட்சிகளின்கீழ்க் கிடந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. தமிழ் பேசும் உழவர்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியே நெடுங்காலமாக இருபுறமும் வாழ்ந்தனர். கண்ணன் தேவன் மலைகளிலோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்கள் தோன்றியபின், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியே தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்தம் குழந்தைகளுக்காகவே தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையுள்ள தொழிலாளர் குழந்தைகள் 25க்கு மேற்படின், கல்வி வசதி செய்துதர வேண்டுமென்று தோட்ட உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது.

ஆட்சி வேறுபட்டால் கணக்கும் வேறுபடும். பாலக்காட்டுச் சிறுவனுக்கு ஒரு ரூபாய் என்பது 16 அணா, 192 பை. திருவிதாங்கூர்ச் சிறுவனுக்கு அரசின் ரூபாய் 28 சக்கரம். ஒரு சக்கரம் 16 காசு. பிரித்தானிய ரூபாயை மாற்றினாலோ 28 சக்கரம் 8 காசு. மலையின் ஒரு சரிவில் பதினாறால் வகுக்கும் குழந்தை. மறு சரிவில் இருபத்தெட்டால் வகுக்கும் குழந்தை. கைக்காசு இல்லாத வீட்டிலும் கணக்குப் புத்தகத்தில் இவ்வேறுபாடு இருந்தது.

1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் பாலக்காட்டு எல்லைப்புறமும் கேரளத்தில் நின்றன. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஏழாம் அரசமைப்புத் திருத்தம் 350ஏ என்னும் உறுப்பைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அவ்வுறுப்பு. ஐந்தே மாதத்தில், 1957 ஏப்ரல் 1 அன்று, பதின்ம நாணயமும் வந்தது. அணாவும் வீசமும் பாடநூலை விட்டு நீங்கின. எல்லையும் மாறி, பாடமொழிக்கு ஓர் உறுதியும் கிட்டி, கணக்கின் அடிப்படையும் மாறிய காலம் அது.

மாநிலங்கள் பிரிந்ததும் கலைச்சொற்களும் தனித்தனியே தடித்தன. தமிழில் 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் முன்னெடுத்த கலைச்சொல்லாக்கம் தனித்தமிழ்ப் பக்கம் சாய்ந்தது. மலையாளப் பாடநூல்களோ வடமொழிவழிச் சொற்களைப் பேணின. தமிழில் விட்டம், அங்கே வியாசம். தமிழில் வகுத்தல், அங்கே ஹரணம். பழைய தமிழ் வழக்கிலும் சமசதுரம், நீள்சதுரம் என்னும் சொற்கள் இருந்தன. ‘நீள்சதுரம்’ செவ்வகமாகி, ‘சமசதுரம்’ சதுரமாகச் சுருங்கியபின்தான் முதற்பகுதியில் கண்ட இடறல் இவ்வளவு கூர்மை பெற்றது.

4. கரும்பலகை முதல் துணைக்கோள் வரை

பெருந்திட்டங்களின் வரிசை நாம் அறிந்ததே. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து கரும்பலகைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அடிப்படைக் கற்பித்தல் கருவிகள் என்பது அதன் இலக்கு. 1990களில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, கேரளத்தில் அதன் இரண்டாம் கட்டத்தில் இடுக்கியும் பாலக்காடும் இடம்பெற்றன. குச்சி, விதை, மணி ஆகியவற்றைக் கையாண்டு கணக்கைக் கண்டறியும் செயல்வழிப் பாடம் அத்திட்டத்தால் பரவியது. பழங்குடிக் குடியிருப்புகளில் ஓராசிரியர் மையங்களும் அக்காலத்தில் தோன்றின. அவை 2022இல் மூடப்பட்டன. இடமலைக்குடியின் முதுவர், அட்டப்பாடியின் இருளர் ஆகியோரின் வீட்டுமொழி பாடநூல் தமிழும் அன்று, பாடநூல் மலையாளமும் அன்று. எனவே ‘தமிழ்வழி’ என்பதே அவர்களுள் பலருக்கு இரண்டாம் மொழிவழி என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

2001இல் கேரள அரசு ‘ஐ.டி.@ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கியது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கெனவே அமைந்த எடுசாட் துணைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. மறு ஆண்டு சூலையில் அதன் துணையோடு இயங்கும் விக்டர்ஸ் அலைவரிசையைக் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். ‘எடுசாட் வழியே ஊரகப் பள்ளிகளுக்கான மெய்நிகர் வகுப்பறை’ என்பது அப்பெயரின் விரிவு. ஒரு மையத்திலிருந்து பேசும் ஆசிரியரைத் தொலைவில் இருக்கும் மாணவர் கேள்வி கேட்கக்கூடும் என்பதே ‘வகுப்பறை’ என்னும் சொல்லில் பொதிந்த கனவு.

கேரளத்தின் மற்றொரு முடிவு இவ்வரலாற்றில் பெரிதும் பேசப்பட வேண்டியது. பள்ளிக் கணினிக் கல்வி முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது அம்மாநிலம். உரிமக் கட்டணம் மிச்சமாயிற்று என்ற அளவில் இதனைப் பலர் பாராட்டுவர். எல்லைப்புறத் தமிழனுக்கு இதில் வேறொரு பயன் உண்டு: கட்டற்ற மென்பொருளின் மொழியை மாற்ற எவருடைய இசைவையும் வேண்டி நிற்க வேண்டியதில்லை. இதனை இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வேன்.

5. திரை வந்தபின்

2018 சனவரியில் உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டம் தொடங்கிற்று. எட்டு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டர், ஒலிபெருக்கி, திரை ஆகியன வழங்குவது அதன் நோக்கம். 2019இல் அது தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. 2020 அக்டோபர் 12 அன்று, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகள் அனைத்தும் உயர்தொழில்நுட்பம் பெற்ற முதல் மாநிலம் கேரளம் என முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். 16,027 பள்ளிகளுக்கு 3,74,274 கருவிகள் சென்றிருந்தன. இந்திய அளவில் இது சிறிய சாதனையன்று. எல்லைப்புறத் தமிழ்ப் பள்ளிகள் இதில் விலக்கப்படவுமில்லை. கருவி அவற்றுக்கும் வந்தது.

கருவியோடு வந்த பாடப்பொருளின் மொழி எது என்பதே வினா. பெருந்தொற்றின்போது, 2020 சூன் 1 அன்று, விக்டர்ஸ் வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. முதன்மை ஒளிபரப்பு மலையாளத்தில் நிகழ்ந்தது. தமிழ்வழி, கன்னடவழி மாணவருக்கான வகுப்புகள் தனியே உருவாக்கப்பட்டு யூடியூபில் கிடைத்தன. அவற்றை உருவாக்கிய ஆசிரியர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் யூடியூபுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னதற்குப் பெட்டி போதும்; பின்னதற்குத் திறன்பேசியும் தரவும் அலைக்கோபுரமும் வேண்டும். தேயிலைச் சரிவுகளின் லயங்களில் அலைவரிசை எட்டாத மூலைகள் பல. இவ்வாறு, பெரும்பான்மை மொழிக்குத் தொலைக்காட்சியும் சிறுபான்மை மொழிக்கு இணையமும் என்னும் ஒரு பிரிவினை, எவரும் கருதிச் செய்யாமலே நிகழ்ந்தது.

தமிழகத்தின் பக்கம் 2018 முதல் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சாகின; 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. மொழி தமிழ், ஆனால் பாடத்திட்டம் தமிழகத்தினுடையது. கொழிஞ்சாம்பாறைக் குழந்தையின் தமிழ்ப் பாடநூல் கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ் வடிவம். பாடங்களின் வரிசையும் ஒன்றன்று. சொல்லும் சில இடங்களில் வேறு. இவ்வாறு மலையாளத் திரையில் பாடம் பொருந்துகிறது, மொழி விலகுகிறது. தமிழகத் திரையில் மொழி பொருந்துகிறது, பாடம் விலகுகிறது. இரண்டையும் பொருத்தும் வேலை முழுவதும் ஒரே ஆசிரியரின் தோள்மேல் விழுகிறது.

6. ஊடாட்டம் என்று எதனைச் சொல்கிறோம்?

திரை பயனற்றது என்று நான் வாதிடவில்லை. சான்றுகளைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2000களின் தொடக்கத்தில் தொடக்கப்பள்ளிகளுக்கு ஊடாடும் வெண்பலகைகள் பெருமளவில் வழங்கப்பட்டன. ஸ்மித், ஹார்ட்மேன், ஹிக்கின்ஸ் ஆகியோர் எழுத்தறிவு, எண்ணறிவுப் பாட வகுப்புகளை உற்றுநோக்கி 2006இல் வெளியிட்ட ஆய்வு, பாடத்தின் வேகம் கூடியதையும் குழுச் செயல்பாட்டு நேரம் குறைந்ததையும் பதிவுசெய்தது. ஆசிரியர் கேட்பார், மாணவர் சுருக்கமாக விடை சொல்வார், ஆசிரியர் சரி என்பார் என்னும் பழைய உரையாடல் வடிவம் அடிப்படையில் மாறவில்லை. பலகை ஊடாடியது, வகுப்பு ஊடாடவில்லை.

இதற்கு எதிர்முனையில் நம் நாட்டுச் சான்று ஒன்றுண்டு. வதோதராவின் மாநகராட்சிப் பள்ளிகளில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் வாரம் இரண்டு மணி நேரம், கணினிக்கு இருவராக அமர்ந்து கணக்கு விளையாட்டுகளில் ஈடுபட்டனர். பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட அவ்வாய்வின்படி, இரண்டாம் ஆண்டில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. திட்டம் நின்ற ஓராண்டில் அதன் பெரும்பகுதி தேய்ந்தது என்பதையும் அவ்வாய்வே சொல்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். வதோதராவில் குழந்தை தானே ஒரு விடையைத் தந்தது. கருவி அவ்விடைக்கு மறுமொழி தந்தது. அடுத்த கணக்கு குழந்தையின் நிலைக்கேற்ப அமைந்தது. இங்கிலாந்து வகுப்புகளில் பலகையைத் தொட்டவர் பெரும்பாலும் ஆசிரியர், குழந்தை பார்த்திருந்தது. மணலில் எழுதிய சிறுவனும் எண்சுவடியை உரக்கச் சொன்ன சிறுவனும் முதல் வகையினரே: அவர்கள் எதையேனும் செய்தாக வேண்டும், செய்ததற்கு உடனே எதிர்வினை வரும்.

எதிர்வினை புரிய வேண்டுமாயின் அது குழந்தையின் மொழியில் இருக்க வேண்டும். ‘தவறு’ என்று சொல்ல ஒரு சிவப்புக் குறி போதும். ஏன் தவறு என்று சொல்லச் சொல் வேண்டும். நான்கு பக்கமும் சமமான உருவத்தைச் ‘சதுரம்’ என்று தொட்ட தமிழ்க் குழந்தைக்கு, மலையாள மென்பொருள் அதனைச் சமசதுரம் என்று திருத்துமானால், அக்குழந்தை கற்பது வடிவியல் அன்று. தன்மொழி பிழையானது என்பதையே அது கற்கும். எல்லைப்புற வகுப்பறையில் உள்ள இழப்பு இதுவென்று கருதுகிறேன். மதிப்பெண்ணில் தெரியும் இழப்பு அதன் ஒரு விளைவு.

7. மாகாணி சொல்லும் வழி

தீர்வு தேடும்போது வரலாறு கைகொடுக்கிறது. நவீனக் கலைச்சொற்கள் பிரிந்துபோயினும், அவற்றுக்கு முந்திய பின்னச் சொற்கள் இரு மொழிக்கும் பொது. கால், அரை, முக்கால் இன்றும் இரு பக்கமும் வழங்குகின்றன. மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று, சொல்லே கணக்கு. மாகாணி இன்னும் அழகானது. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: எண்பதில் நான்கும் எண்பதில் ஒன்றும் சேர எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. வேற்றுப் பகுதியுடைய பின்னங்களைக் கூட்டும் முறை முழுவதும் ஒரே சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டுள்ளது.

கணினியும் இதனை ஏற்றுக்கொண்டுவிட்டது. மலையாளத்தின் மா, காணி வரிசைப் பின்னக் குறிகள் 2016இல் ஒருங்குறியில் இடம்பெற்றன; முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் தனித் தொகுதியாக இடம்பெற்றன. ஓலையில் பிறந்த ஒரே குடும்பத்துக் குறிகள் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே எண்மப் பேரேட்டில் மீண்டும் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

ஒரு தாளை இரண்டாக மடித்தால் அரை. மீண்டும் மடித்தால் கால். மீண்டும் மடித்தால் அரைக்கால். நான்காம் மடிப்பில் மாகாணி. இதனைத் தாளில் செய்த குழந்தை, திரையில் எண்பது கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையில் நான்கு கட்டத்தை ஒரு நிறத்தாலும் ஒன்றை வேறு நிறத்தாலும் நிரப்பிப் பார்க்கலாம். தமிழ்க் குழந்தைக்கும் மலையாளக் குழந்தைக்கும் அப்பட்டையின் பெயர்கள் ஒன்றே. எல்லை கடந்து பொதுவாக ஆளத்தக்க ஊடாடும் பாடம் ஒன்றை உருவாக்க இதனினும் பொருத்தமான தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

8. மூன்று பரிந்துரைகள்

முதலாவது, ஒன்று முதல் ஏழாம் வகுப்பு வரையான கணக்குச் சொற்களுக்குக் கேரளத் தமிழ்வழிப் பாடநூல், தமிழகப் பாடநூல், மலையாளப் பாடநூல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட சொற்பட்டியல் ஒன்று வேண்டும். சதுரம், பகுதி போன்று ஒலி ஒன்றாய்ப் பொருள் வேறாய் நிற்கும் சொற்கள் அதில் தனியே குறிக்கப்பட வேண்டும். பெரும்பொருட்செலவு எதுவும் இதற்கு இல்லை. கணிதமும் மொழியியலும் அறிந்த சில ஆய்வு மாணவர்கள் ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய பணி.

இரண்டாவது, கேரளப் பள்ளிகளில் உள்ள கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தும் தமிழ்க் குரலும் சேர்க்கும் பணியை எல்லைப்புற ஆசிரியர்களிடமே ஒப்படைத்து, அதற்குரிய பணிநேரத்தையும் ஒதுக்க வேண்டும். வீட்டில் இரவில் கண்விழித்துச் செய்யும் தொண்டாக அது நீடிக்கக் கூடாது.

மூன்றாவது, 350ஏ உறுப்பின் ‘போதிய வசதி’ என்னும் தொடரை நம் காலத்துக்கேற்பப் பொருள்கொள்ள வேண்டும். 1956இல் வசதி என்றால் அறை, ஆசிரியர், பாடநூல். இன்று பாடத்தின் ஒரு பங்கு திரையில் இருக்கிறது. அத்திரை பேசும் மொழியும் அவ்வசதியில் அடங்கும் என்று கொள்வதே முறை. 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம். அவர்தம் குழந்தைகளுக்குக் கருவி தந்த ஓர் அரசு, சொல்லையும் தர இயலாதது அன்று.

ஆண்ட்ரூ பெல் வியந்து நின்ற அந்தப் பள்ளியில் மணலைத் தவிர வேறொன்றும் விலையுள்ளதாக இல்லை, மணலும் விலையற்றதே. சிறுவன் விரலால் எழுதினான், தன் மொழியில் உரக்கச் சொன்னான், அருகிலிருந்தவன் அதே மொழியில் திருத்தினான். இருநூறாண்டுக்குப் பின் நம் எல்லைப்புறக் குழந்தையின் விரல் மணலை விட்டுத் திரைக்கு வந்திருக்கிறது. திருத்தும் குரல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

எல்லைப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் அங்குப் பயின்றவர்களும், தம் வகுப்பில் இவ்வாறு இடறிய கணக்குச் சொற்களைக் கீழே பதிந்தால் நன்றியுடையேன். சொற்பட்டியலின் முதற்பக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும். பிழை காண்போர் தயங்காது சுட்டுக.